மச்சான் ஊட்டு நகல்

உலகத்திலேயே முதல் டேட்டா சென்டரை நடத்தியவர் எங்கள் வேப்பிலைதான். அதுவும் கரண்டே இல்லாத ஓட்டுக் கட்டடத்தில்!

போன மாசம் பேத்தி தான் வேலை பார்க்கும் டேட்டா சென்டரைச் சுற்றிக் காட்டினாள். வரிசையாக இரும்பு அலமாரி, அதில் அடுக்கடுக்காகக் கம்ப்யூட்டர். சூடேறாமல் இருக்கக் குளிர்காற்று, கரண்டு போனால் ஜெனரேட்டர், வாசலுக்கு வாசல் காவல். “ஜனங்களோட விவரமெல்லாம் இங்கதான் தாத்தா இருக்கு. எப்பக் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கணும். இங்க அழிஞ்சாலும் இன்னொரு ஊர்ல நகல் இருக்கும்” என்றாள். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் கொல்லிமலை அடிவாரத்து ஆபீஸ் ஒன்றில் நான் டைப்பிஸ்ட். வேப்பிலை ரிக்கார்டு ரூம் கிளார்க். மலைக்காரர்களின் நிலப் பதிவெல்லாம் அவர் பொறுப்பு. பூச்சி வராமலிருக்கக் கட்டுக்குக் கட்டு வேப்பிலை செருகுவார். அதனால்தான் அந்தப் பெயர். எறும்பு ஏறாமலிருக்க அலமாரிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவார். பெரிய அதிகாரியையே வாசலில் மறித்த ஆள்.

“ஏனுங்க, வெத்தலை வாயோட உள்ள வரப்படாதுங்க.”

“நான் யார் தெரியுமாய்யா?”

“தெரியுமுங்க. அதான் வெளியில நாற்காலி போட்டு வெச்சிருக்கறனுங்க.”

மலையில் சிலர் விதைச் சாமையில் பாதியை மச்சான் ஊட்டில் கொண்டுபோய் வைப்பார்கள். தன் வீடு தீப்பிடித்தாலும் மச்சான் ஊட்டு விதை பிழைக்கும். இதைக் கேட்ட நாளிலிருந்து வேப்பிலைக்குத் தூக்கம் போய்விட்டது. ஒவ்வொரு பதிவுக்கும் நகல் எழுதினார். அதிகாரியிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கினார். மாற்றலாகிப் போன ஒருவரை பஸ் படியில் நிறுத்திக்கூட வாங்கினார். எல்லாவற்றையும் முள்ளுக்குறிச்சியில், தன் மச்சான் ஊட்டுத் தகரப் பெட்டியில் சேர்த்தார். வேடிக்கை என்னவென்றால், அந்த மச்சானோடு அவருக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது. போவார், நகல் கட்டைத் திண்ணையில் வைப்பார், வந்துவிடுவார்; பெட்டியில் வைத்துப் பூட்டுவது மச்சான்.

ஓர் ஐப்பசி மழையில் ஓடு சரிந்து, மலைக்காரர்களின் பதிவுக் கட்டுகள் அத்தனையும் கூழாகிவிட்டன. அந்த வாரமே சடையன் என்ற மலைக்காரர் வந்து நின்றார். அவருடைய மிளகுக் காட்டைக் கீழ்நாட்டு ஆள் ஒருவர் தன்னுடையது என்கிறார், மறுநாள் விசாரணை.

“பதிவு இல்லீனா காடு போயிருமுங்களா?” என்றார் சடையன்.

வேப்பிலை துண்டை உதறித் தோளில் போட்டார். “மச்சான் இருக்கறான், போகாது.”

மறுநாள் காலையில் கட்டோடு வந்து இறங்கினார். பின்னாலேயே மச்சான், முகம் சிவக்க: “பதினோரு வருசங்கழிச்சு வாயத் தொறந்தானுங்க. என்ன பேசுனான்னு கேளுங்க. ‘பொட்டிச் சாவி எங்க’ன்னான்!”

விசாரணையில் நகல் செல்லுபடியானது. காடு சடையனுக்கே.

அவருக்கு எழுத்துத் தெரியாது. “எதுங்க என் பேரு?” என்றார். வேப்பிலை காட்டினார். சடையன் அந்த நாலு எழுத்தையும் விரலால் மெல்லத் தடவினார்.

“இதுங்களா நானு?”

“ஆமா சாமி, இதான் நீ.”

மனுசருக்கும் நகல் எடுத்து வைக்க வழியிருந்தால், முதலில் வேப்பிலையைத்தான் எடுத்திருப்பேன்.