கதைத்துக்கொண்டே ஓடிய றேடியோ நானா

திருகோணமலைத் துறைமுகத்தில் றேடியோ நானாவைப் போல மெதுவாக ஓடிய மனிதர் வேறு எவரும் இல்லை. ஓடி அவரை வென்றவர்களும் அதிகம் இல்லை.

மூதூர்க்காரர். மூட்டை தூக்கும் எங்கள் கூட்டத்தில் மூத்தவர். உண்மைப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். வாய் மூடாததால் றேடியோ. எல்லாருக்கும் அண்ணன் என்பதால் நானா. றேடியோவையாவது திருகி நிறுத்தலாம்.

ஓட்டத்துக்கு அவரிடம் ஒரே சட்டம்.

"கதைச்சுக் கொண்டு ஓட ஏலுமெண்டா ஓடு. கதை வராட்டி நட. திரும்பக் கதை வந்தா ஓடு. அவ்வளவுதான்."

ஒருமுறை கட்டறுத்த மாடொன்று அவரைத் துரத்தியது. அப்போதும் வேகம் கூட்டவில்லை. மாட்டின் சொந்தக்காரனைப் பற்றி மாட்டிடமே குறை சொல்லிக்கொண்டு ஓடினார். மாடு அலுத்துப்போய் புல் மேயத் திரும்பிவிட்டது. நான் கண்ணால் பார்த்தது.

எங்களுக்கு எமன் சீமெந்துக் கப்பல். தூள் வியர்வையோடு சேர்ந்தால் தோள் உரியும். துறைமுகத்தில் இரண்டு கூட்டம். ஒன்று எங்களது. மற்றது சல்லி ஊர்ப் பொடியன்களது. யார் சீமெந்து தூக்குவது என்று அடிதடி வராமல் இருக்க, வருசத்துக்கு ஒரு ஓட்டம் வைத்தோம். வெருகலில் விடியத் தொடங்கி, காட்டுப் பாதையால் மூதூர் இறங்குதுறை வரை. கூட்டத்துக்கு இரண்டு பேர். இரண்டு பேரும் இறங்குதுறைக் கட்டையைத் தொட வேண்டும். தோற்ற கூட்டத்துக்கு வருசம் முழுக்கச் சீமெந்து. வென்றவர்களுக்குக் கோதுமை மா மூட்டை.

ஒரு வருசம் நானாவுக்குத் துணையாக என்னை விட்டார்கள். நான் அதிகம் கதைப்பதில்லை. அதுதான் அவருக்குத் தலையிடி.

"தம்பி, மூச்சு வாங்குதா?"

"இல்லை."

"இந்த ஒத்தச் சொல்லை வெச்சு நான் என்னத்தைக் கண்டுபிடிக்க? நீட்டிச் சொல்லு. உன்ட கலியாணம் எப்படி நடந்த?"

"நல்லா நடந்தது."

"யா அல்லாஹ்! உன்னோட ஓடுறதுக்கு ஒரு பனங்குத்தியோட ஓடலாம்."

சல்லிப் பொடியன்கள் அவிழ்த்துவிட்ட கன்றுகளைப் போலப் பாய்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்கள் கிளப்பிய புழுதியும் அடங்கிவிட்டது. எனக்குக் கால் பரபரத்தது. நானா என் சாரத்தைப் பிடித்து இழுத்தார்.

"போகட்டும். மணல் வரும். அங்க பாப்பம்."

மணல் வந்தது. நடந்தோம். இறுகின தரை வந்தது. ஓடினோம். நான் வாழ்நாளில் கதைத்ததில் பாதி அந்தக் காட்டில் கதைத்ததுதான். என் மனைவியின் கறியில் உப்புக் குறைவு என்பதைக்கூடச் சொல்லிவிட்டேன். வெயில் ஏறியது. என் மூச்சு அப்படியே இருந்தது.

பிறகு நானா, கிண்ணியாவில் கலியாண வீட்டுக்குள் யானை புகுந்த கதையை எடுத்தார். கதை பாதிக்கு வந்தபோது, பாலை மரத்தடியில் சல்லிப் பொடியன்கள் கிடந்தார்கள். ஒருவனுக்குக் கால் இழுத்துப் பிடித்திருந்தது. மற்றவன் குடித்த தண்ணியையெல்லாம் சத்தி எடுத்துக்கொண்டிருந்தான். தோள் தப்பியது என்று நினைத்தேன்.

"யானை பந்தலுக்குள்ள. மாப்பிள்ளை அலுமாரிக்குள்ள," என்றபடி நானா அவர்களைத் தாண்டினார்.

"பொம்பிளை எங்க நானா?" என்றான் கால் பிடித்தவன்.

கேட்டவனுக்குச் சொல்லாமல் போகிற மனிதரா அவர்?

"எழும்பி வாங்க, சொல்றன். நிண்டு சொல்ல ஏலா. போட்டியெல்லோ நடக்குது!"

எழும்பினார்கள். முதலில் நொண்டினார்கள். பிறகு கதையோடு கால் சேர்ந்துகொண்டது. சிரிக்க மூச்சு வராதபோது நானா அவர்களை நடக்க வைத்தார். தன் போத்தல் தண்ணீரையும் கொடுத்தார். நாலு பேருக்கும் ஒரே வேகம். எங்கள் சட்டத்தால் அவர்களுக்கு உயிர் திரும்பிக்கொண்டிருந்தது.

"நானா, சீமெந்து," என்றேன்.

"பொறு தம்பி. பொம்பிளைட உம்மா இப்பதான் உலக்கையோட வாறா."

இறங்குதுறை தெரிந்தது. சல்லிப் பொடியன்கள் பறந்தார்கள். நானும் பறந்திருக்கலாம். இரண்டு பேரும் தொட வேண்டுமே. நானா அதே வேகத்தில், கதைத்துக்கொண்டே வந்தார். நாங்கள் கட்டையைத் தொட்டபோது எங்கள் கூட்டம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தது.

தோற்றது நானாவுக்குப் பெரிதாகப் படவில்லை. அவருக்குக் கோபம் வேறு.

"முடிவைக் கேக்காம ஓடிட்டானுகள், பாத்தியா!"

சீமெந்துக் கப்பல் வந்தது. வாயில் துணி கட்டிக்கொண்டு தூக்கினோம். நானா மட்டும் கட்டவில்லை. இரண்டாம் நாள் சல்லிப் பொடியன்கள் வந்து நின்றார்கள்.

"நானா, அந்த யானைக்கு என்ன நடந்தது?"

"சும்மா நிண்டு கேக்க ஏலா. ஒரு நுனியைப் பிடி, சொல்றன்."

பிடித்தார்கள். அடுத்த நாளும் வந்து பிடித்தார்கள். மூட்டைக்குத் தக்கபடி கதையை அளந்து விட்டார். வருசம் முடியும்வரை யானை பந்தலை விட்டு வெளியே வரவில்லை.

முடிவு எனக்குத் தெரியும். தோற்ற அன்று, அக்கரைக்குப் போகும் லோஞ்சுக்காகக் காத்திருந்தபோது, என் காதுக்குள் சொன்னார். காடு முழுக்க நான் கதைத்ததற்குப் பரிசாம்.

இன்றுவரை எவருக்கும் சொல்லவில்லை. அது நானா எனக்குத் தந்தது.