பிரேக் பிடிக்காத இதயமும் தாங்கள் அனுப்பிய மாத்திரையும்

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். "பொய் எழுதாதீங்க" என்று சமையலறையிலிருந்து என் வீட்டுக்காரியின் குரல் வந்ததால் அந்த வரியை விட்டுவிட்டேன். அங்கே தாங்களும், தங்கள் துணைவியாரும், என் மகளும், நான் இன்னும் முகம் பார்க்காத நம் பேரனும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன்.

நெஞ்சுவலி வந்தவர்களுக்கு நரம்பைச் சமநிலையில் வைக்கும் என்று தாங்கள் அன்போடு அனுப்பிய ஆன்டி-ஆக்ஸிடன்ட் மாத்திரையை டாக்டரிடம் காட்டினேன். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது உங்களுக்குத் தொந்தரவு பண்ணாது. ஆனா நரம்பைச் சரி பண்ணும்னு உறுதியாச் சொல்ல முடியாது. நான் குடுத்த மருந்தை மட்டும் நிறுத்திடாதீங்க" என்றார். இதயத்துக்குத் தானாக இயங்கும் நரம்பு இரண்டு வகையாம். ஒன்று ஆக்ஸிலரேட்டர், இன்னொன்று பிரேக். எனக்குப் பிரேக் வீக்காம். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் காலடியில் தனி பிரேக் வைத்துக்கொண்டு, ஊரையே பார்த்து "பிரேக்! பிரேக்!" என்று கத்திப் பிழைத்தவன் நான். எனக்குச் சொந்த பிரேக் இல்லை, பார்த்தீர்களா!

ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதிவு செய்யும் மெஷினை மார்பில் ஒட்டி அனுப்பினார். பதிவு நன்றாக வந்தால் நானே காரோட்டி வந்து பேரனைப் பார்க்கலாம். சரி, அந்த ஒரு நாள் மட்டும் முனிவராகிவிடுவது என்று முடிவு கட்டினேன். குழாய் ரிப்பேர்காரர் ஒரு ஒழுகலை இரண்டாக்கிவிட்டுக் கூலி கேட்டபோதுகூடச் சிரித்தேன். அதைப் பார்த்துக்கொண்டே இருந்த என் வீட்டுக்காரி, கார் சாவியோட வந்து நின்னா. "இன்னிக்கு நீங்க கத்தினா மெஷின்ல பதிவாகும். வாங்க, பக்கத்துல உக்காருங்க. நான் ஓட்டறேன்." கல்யாணமான நாளிலிருந்து, குடும்ப அமைதியை முன்னிட்டு, நான் அவளுக்கு வண்டி கற்றுக்கொடுக்க மறுத்து வந்தவன். அன்று மறுப்பதற்கும் கத்தத்தானே வேண்டும், ஏறி உட்கார்ந்தேன். வண்டி என்னமோ அலுங்காமல்தான் கிளம்பியது. நான் சொல்லித்தருகிற அழகு அப்படி என்று நினைத்துக்கொண்டேன். முனை திரும்பினா எதிரே லாரி. கத்த முடியலை. "அம்மா தாயே, கொஞ்சம் ஓரமா ஒதுங்கலாமா?"ன்னு தேனொழுகக் கேட்டேன். "ஏன் இப்படிப் பேசறீங்க? பயமா இருக்கு"ன்னா. இல்லாத பிரேக்கை மிதிச்சு மிதிச்சு என் காலடியில இருந்த ரப்பர் மேட் கிழிஞ்சு போச்சு. கிளச்சு, கண்ணாடி, ஹாரன்னு நான் கொஞ்சக் கொஞ்ச அவ தடுமாறி, கடைசியில எங்க வீட்டு கேட்டுலயே முட்டி நிறுத்தினா.

பதிவைப் பார்த்த டாக்டர், "இந்த நேரத்துல மலை ஏறினீங்களா?" என்றார்.

"இல்லை டாக்டர், சும்மா உட்கார்ந்திருந்தேன்."

"அப்ப இப்போதைக்கு வண்டி ஓட்டறதை மறந்துடுங்க."

ஆகவே நாங்கள் வருவதற்கில்லை. வெட்கமாக இருக்கிறது, சம்பந்தி. அதைவிட, பேரனை ஒரு தடவை தூக்காமலே போய்ச் சேர்ந்துடுவேனோன்னு பயமா இருக்கு. அவன் போட்டோ ஒன்று அனுப்புங்கள். இவளை நம்பி வண்டியில் ஏறினால் என் போட்டோவைத்தான் சுவரில் மாட்ட வேண்டியிருக்கும்.

பேரனுக்கு என் ஆசிகள். மகளிடம் இதில் பாதியை மட்டும் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் பிரேக் இல்லாத சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டுமுன் அவள் வாங்கிப் படித்துவிட்டாள். பீரோவைத் திறந்து, தன் பெயரில் ஒரு டிரைவிங் லைசென்ஸை எடுத்து மேஜையில் வைத்தாள். நான் படுத்த படுக்கையாகக் கிடந்த நாட்களில், எனக்கு ஜென்மப் பகையான எதிர் டிரைவிங் ஸ்கூல்காரனிடம் போய்க் கற்றிருக்கிறாள்! "நீங்க பக்கத்துல இல்லேன்னா நான் நல்லாத்தான் ஓட்டுவேன்" என்றாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று குதித்தேன். "அன்னிக்கு நீங்க நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு விழுந்தப்ப, வாசல்ல கார் நின்னுச்சு. ஓட்டத் தெரியாம அது பக்கத்துல நானும் நின்னேன். இனிமே அப்படி நிக்க மாட்டேன்" என்றாள். கார் சாவியை எடுத்து அந்த லைசென்ஸ் மேலேயே வைத்துவிட்டேன், சம்பந்தி. நாளைக் காலையில் புறப்படுகிறோம். நான் பின்சீட்டில் வருகிறேன்.