தீட்டு ஒழிப்புக் கூட்டத் தலைவர்

தீட்டு ஒழிப்புக் கூட்டத் தலைவர் என்று மனிதர்களில் ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை, மைக்கைத் தட்டித் தட்டி 'அலோ' சொல்லும் அழகு, பெண்கள் கூட்டம் என்றதும் 'சகோதரிகளே' என்று உருகும் குரல், எல்லாம் இருக்கும்; மாதவிடாய் என்ற சொல் மட்டும் வாயில் வராது. 'அந்தச் சமாச்சாரம்' என்பார். மிகவும் துணிந்துவிட்டால் இருமுவார்.

எலப்புள்ளியில் எங்களுக்கு வாய்த்தவர் பூபதிராஜா. கூலிக்குப் போகும் பெண்கள் பழைய துணியோடு படும் பாட்டைப் பார்த்து, மகளிர் குழுச் செல்வப்பிரியா வீடு வீடாகப் படியேறி இறங்கி, இலவசமாகக் கொடுக்க நாப்கின் சேர்த்தாள். அதைக் கொடுக்கும் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் சிரமத்தை இவர் ஏற்றுக்கொண்டார். இடம்? இவர் நிர்வாகம் பார்க்கும் மாரியம்மன் கோயில் மண்டபம்.

குத்துவிளக்கு ஏற்றியாயிற்று. "கூச்சப்படாம உள்ள வாங்க அம்மிணிகளா! தீட்டுங்கறதெல்லாம் மூடநம்பிக்கைங்க" என்று முழங்கியவர், குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இன்னைக்குத் தூரமா இருக்கறவங்க மட்டும் வெளிய நின்னுக்குங்க. சாமி இருக்கற எடம் பாருங்க."

புரிகிறதா? நாப்கின் அன்றைக்குத் தேவைப்படாதவர்கள் உள்ளே மின்விசிறிக்கடியில். தேவைப்பட்டவர்கள் வெளியே வெயிலில், போகிற வருகிறவர்களெல்லாம் பார்க்க. அவர்களில் பத்தாம் வகுப்பு மௌனிகாவும் ஒருத்தி. மறுநாள் கணக்குப் பரீட்சை. நாப்கின் கிடைக்காவிட்டால் போக முடியாது. ஆனாலும் அவமானம் தாங்காமல் வீட்டுக்கு நடையைக் கட்டினாள்.

செல்வப்பிரியா நாப்கின் பெட்டியைத் தூக்கினாள்.

"எங்க அம்மிணி போற?"

"வெளியதானுங்க. எனக்கும் இன்னைக்குத் தூரம். காலைல மண்டபத்தக் கூட்டிக் கோலம் போட்டது நானுங்க. இந்த வெளக்குக்குத் திரி போட்டதும் நானுங்க."

தலைவர் விளக்கைப் பார்த்தார். அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து பெட்டியின் பின்னால் போனார்கள். காலி மண்டபத்தில், அணைக்க மறந்த மைக்கில் பூபதிராஜாவின் குரல் ஊருக்கே கேட்டது: "பூசாரி, கொஞ்சம் மஞ்சத்தண்ணி தெளிச்சுடுங்க."

மௌனிகாவைத் தெருமுனையில் பிடித்து நாப்கினைக் கையில் கொடுத்தார்கள். மறுநாள் பரீட்சை எழுதிவிட்டு வந்து, கணக்கு கஷ்டம் என்று மட்டும்தான் புலம்பினாள்.

சிரிக்கிறீர்களா? நல்லது. போன மாதம் குலதெய்வம் கோயிலுக்குப் போனபோது மகளைக் காரிலேயே உட்காரச் சொன்னது யார்? ஏ.சி.யைப் போட்டுவிட்டுப் போனதை முற்போக்கு என்று வேறு நினைத்துக்கொண்டீர்கள்.