ஓடாத ஏழு இருபத்தைந்துக்குக் கிடைத்த கேடயம்

இலுப்பையடி,
ஆய்க்குடி வழி, தென்காசி மாவட்டம்.
11.7.2025, காலை மணி 7.25 (ரைட் டைம்)

அன்பும் படிப்பும் பதவியும் ஒருங்கே அமைந்த மருமகனார் அஃப்சல் அவர்களுக்கு மாமனார் முகம்மது ரபீக் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே அல்லாஹ்வின் கிருபையால் நானும், உங்கள் மாமி ஹைருன் பீவியும், தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் மாஜிதாவும், அவள் வயிற்றில் ஏழு மாதமாக இருக்கும் உங்கள் வாரிசும் சுகம். வீட்டுக்குள் எல்லாரும் சுகம், ரோட்டில் இறங்கினால்தான் சுகமில்லை. சென்னையில் தங்கள் சுகத்தையும், தங்கள் தாய் தந்தையர் சுகத்தையும், தங்கள் போக்குவரத்துத் திட்ட ஆபீஸின் சுகத்தையும் அறிய ஆவல். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் "சொல்லுங்க மாமா" என்று அவ்வளவு மரியாதையாகக் கேட்கும்போது, "ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன்" என்று சொல்லி வைத்துவிடுகிறேன். மருமகனைக் குறை சொன்ன மாமனார் எங்கள் வம்சத்திலேயே கிடையாது. இப்போதும் குறை சொல்லவில்லை, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இலுப்பையடி விலக்கு டைம் ஆபீஸில் பஸ் வந்துபோகும் நேரத்தைப் பதிவேட்டில் எழுதும் டைம் கீப்பராக இருபத்தாறு வருஷம் இருந்தவனுக்கு அது கைவந்த வேலை.

விஷயம் இதுதான். எங்கள் ஊரிலிருந்து ஆய்க்குடி வழியாகத் தென்காசிக்குக் காலையில் இரண்டு பஸ் என்று அட்டவணையில் இருக்கிறது. ஒன்று ஏழு பத்து, இன்னொன்று ஏழு இருபத்தைந்து. ஏழு பத்து என்பது நல்லகண்ணு ஓட்டிய வண்டி. ஏழரைக்கு வரும், சில நாள் ஏழே முக்காலுக்கு வரும், மழை பெய்தால் உள்ளே குடை பிடிக்க வேண்டும், படியில் பதினோரு பேர் தொங்குவார்கள், வாரத்துக்கு ஒரு நாள் வழியில் படுத்துக்கொள்ளும், எல்லாரும் இறங்கித் தள்ளுவோம், தள்ளின கையோடு இரண்டு பேர் புகார் எழுதிப் போடுவார்கள். ஆனால் வரும். ஏழு இருபத்தைந்து என்ன நிறம் என்றுகூட இந்த ஊரில் யாருக்கும் இப்போது ஞாபகமில்லை. போன மாதம் உங்கள் ஆபீஸ் இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்திருக்கிறது. ஏழு பத்துக்குத் தாமதம் உண்டு, நெரிசல் உண்டு, ரிப்பேர் உண்டு, புகார் உண்டு. ஏழு இருபத்தைந்துக்குப் பதினோரு வருஷமாக ஒரு நிமிஷம் தாமதமில்லை, ஒரு விபத்தில்லை, ஒரு புகார் இல்லை, டீசல் குடிக்கிற பழக்கமே இல்லை. ஆகவே கெட்ட பஸ்ஸை நிறுத்திவிட்டு நல்ல பஸ்ஸை வைத்துக்கொண்டீர்கள். நியாயம்தான். வராத பஸ்ஸைப் போல ஒழுக்கமான பஸ் உலகத்தில் ஏது மருமகனாரே.

இதை ஒரு தடவை தயங்கித் தயங்கி உங்கள் காதில் போட்டேன். நீங்களும் பெரிய மனசு பண்ணி, குற்றாலத்தில் ஒரு ரிசார்ட்டில் நடந்த பல மாவட்டப் பேருந்துத் திட்டமிடுவோர் கருத்துப் பரிமாற்றக் கூட்டத்தில் என்னைப் பயணிகள் பிரதிநிதியாகச் சேர்க்கச் சொல்லிவிட்டு, அதே தேதியில் இதே மாதிரி இன்னொரு கூட்டத்துக்கு ஐதராபாத் போய்விட்டீர்கள். திங்கட்கிழமை ஒன்பதரைக்குக் கூட்டம். ஆறரைக்கே கிளம்பி, பால்காரர் வண்டியில் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆய்க்குடி வரைக்கும் போய், அங்கே காத்துக்கிடந்து ஒரு பஸ்ஸில் தென்காசி, தென்காசியிலிருந்து இன்னொரு பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்று மேலகரம் தாண்டியதும் சீசன் கூட்டத்தில் மாட்டி, மிச்சத்தைச் சாரலில் நடந்து, பதினோரு மணிக்கு நனைந்த கோழி மாதிரி போய் நின்றேன். வாசலில் முப்பத்திரண்டு கார். எண்ணிப் பார்த்தேன், பழைய பழக்கம். கூட்டத் தலைவர் கனிவாக, "ஏன் லேட்டு?" என்றார். "பஸ்ல வந்தேன் சார்" என்றேன். ஹாலே திரும்பிப் பார்த்தது. பின்வரிசையில் யாரோ "பாவம்" என்றார்கள். கழுத்தில் 'பயனர்' என்று ஓர் அட்டையை மாட்டி, பேச மூன்று நிமிஷம், அதுவும் கடைசியில் என்று சொல்லி உட்காரவைத்தார்கள்.

டீக்குப் பிறகு கூச்சம் போக ஒரு விளையாட்டு. அதிகாரிகள் எல்லாரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, 'பாம் பாம்' என்று பஸ்ஸாக ஹாலைச் சுற்றி வந்தார்கள். அன்றைக்கு நான் பார்த்ததில் நேரத்துக்குப் புறப்பட்ட பஸ் அது ஒன்றுதான். அப்புறம் யோசனைகளைப் பகிர ஆரம்பித்தார்கள். ஒரு மாவட்டத்துக்காரர், ஸ்டாப்பை எல்லாம் எடுத்துவிட்டால் பஸ் வேகமாகப் போகிறது என்றார். ஒன்பது ஸ்டாப்பை எடுத்ததில் பதினெட்டு நிமிஷம் மிச்சமாம், ஏற ஆளே இல்லாததால் இன்னும் நாலு நிமிஷம் மிச்சமாம். கைதட்டினார்கள். இன்னொரு அம்மா, பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று காட்டும் போர்டு வைத்தபிறகு பயணிகளின் கோபம் நாற்பது சதவீதம் குறைந்துவிட்டது என்றார். பஸ்ஸைக் கூட்டினார்களா என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். "அது அடுத்த கட்டம் அண்ணாச்சி" என்றார். செங்கோட்டைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், இரண்டு பஸ்ஸை ஒன்றாக்கும் திட்டத்தைப் போன வருஷம் நம்மிடம் கற்றுக்கொண்டு செய்து பார்த்ததாகவும், ஜனங்கள் அடிக்க வந்ததாகவும் சொன்னார். நம் ஆட்கள் திகைத்துப்போய், "அதை நாங்க உங்ககிட்ட இருந்துல்லா எடுத்தோம்" என்றார்கள். கடைசியில் இரண்டு பேரும் மறுபடி அதையே செய்து பார்ப்பது என்று முடிவாயிற்று. பஸ் ஓடுகிறதோ இல்லையோ, யோசனைக்கு மட்டும் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு சர்வீஸ் இருக்கிறது.

மத்தியானம் பிரியாணி, அது முடிந்ததும் பஸ் ஸ்டாண்டில் கள ஆய்வு. ஏசி வேன் சீசன் நெரிசலில் நகராததால் கள ஆய்வை அருவிக்கு மாற்றினார்கள். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றதும், "இதை ஒழுங்குபடுத்த ஒரு ஆளு கிடையாதா?" என்று திட்டமிடுவோர் அத்தனை பேரும் போலீஸ்காரரோடு சண்டைக்குப் போனார்கள். நாலு மணிக்கு ஈரத் தலையோடு திரும்பி வந்து உட்கார்ந்தபோதுதான் உங்கள் படம் ஓடியது.

உங்களுக்குப் பதிலாக உங்கள் ஆபீஸ் குற்றாலீஸ்வரன் விளக்கினார். திரையில் எங்கள் விலக்கு டைம் ஆபீஸின் பதிவேடு. ஏழு இருபத்தைந்து, ஏழு இருபத்தைந்து, ஏழு இருபத்தைந்து என்று பக்கம் பக்கமாக எறும்பு ஊர்ந்த மாதிரி வரிசை பிசகாத கையெழுத்து. "நாலாயிரம் நாள். ஒரு நாள்கூடத் தவறல" என்றார் அவர். ஹாலே எழுந்து நின்று தட்டியது. சிறந்த காலந்தவறாமைக்கான கேடயம் என்று சொல்லி, உங்கள் பேரில் அவர் கையில் கொடுத்தார்கள். அதன்பிறகு என் மூன்று நிமிஷம். எழுந்து, "அந்த பஸ் வரதில்ல சார்" என்று ஒரே வரிதான் சொன்னேன். "வரலன்னு பதிவேட்டில எங்கயாவது எழுதியிருக்கா?" என்று கேட்டார் தலைவர். "இல்ல சார்" என்றேன். "அப்புறம் என்ன?" என்றார். உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பதிவேடு என்னோடு வேலை பார்த்த மாடன் எழுதியதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். செத்துப்போன மனுஷரைக் குறை சொல்லக் கூடாது. ஆனாலும் அவர் பேனாவைப் பிடித்தால் கண்ணை மூடிக்கொள்கிற ஆள்.

கூத்து அதோடு முடியவில்லை. அந்த அதிசய பஸ்ஸை நேரில் பார்க்க வேண்டும் என்று வெளிமாவட்டத்துக்காரர்கள் ஆசைப்பட்டதால், மறுநாள் செவ்வாய்க்கிழமை எல்லாரும் வேனில் எங்கள் ஊருக்குப் புறப்பட்டார்கள். ராத்திரி ஊர் திரும்பப் பஸ் இல்லாமல் அங்கேயே தங்கிவிட்ட நானும் வேனில் இருந்தேன். டிபன் சாப்பிட்டு, மலையைப் போட்டோ எடுத்து, ஏழு ஐம்பதுக்கு இலுப்பையடி வந்து இறங்கினோம். ஸ்டாப்பில் உங்கள் மாமியும் மாஜிதாவும் நின்றுகொண்டிருந்தார்கள். தென்காசி டாக்டரம்மா செவ்வாய்க்கிழமை எட்டிலிருந்து ஒன்பது வரைதான் பார்ப்பார் என்பது உங்களுக்கே தெரியும். "சார், ஏழு இருபத்தஞ்சு இன்னும் வரல" என்று மாஜிதா சொன்னாள். தலைவர் வாட்ச்சைப் பார்த்துவிட்டு, "அது கரெக்டா போயிருக்கும்மா, நாமதான் லேட்டு" என்றார். "நாங்க ஏழு மணிக்கே வந்து நிக்கோம் சார்" என்றாள். "அப்ப கவனிச்சிருக்க மாட்டீங்க" என்றார். உங்கள் மாமிக்கு வாய் சும்மா இருக்குமா? "அது பஸ்ஸு சார், பட்டாம்பூச்சியா கவனிக்காம விடதுக்கு?" என்றாள். அதைக் குற்றாலீஸ்வரன் 'விழிப்புணர்வு தேவை' என்று குறித்துக்கொண்டார். மாஜிதா என் பக்கம் திரும்பி, "வாப்பா, நீங்க சொல்லுங்க. அந்த பஸ் வருதா, வரலியா?" என்று கேட்டாள். நான் மேற்கே பார்த்தேன். சாரல் வரும்போல இருந்தது. என்னுடைய மூன்று நிமிஷம்தான் முந்தின நாளே முடிந்துவிட்டதே. பிள்ளைத்தாய்ச்சியை வேனில் தென்காசி வரைக்கும் ஏற்றிக்கொள்ளச் சொல்லி மாமி கேட்டாள். அந்த வேனில் பயணிகளை ஏற்ற அனுமதி இல்லையாம். வெறும் ரோட்டையும், அதன் ஓரத்தில் நின்ற இரண்டு பேரையும் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

வாழைத்தார் ஏற்றிவந்த லோடு ஆட்டோவில், தாருக்கு நடுவே ஒரு சாக்கை விரித்து உங்கள் மனைவியை உட்காரவைத்துக் கூட்டிப்போனோம். போய்ச் சேரும்போது ஒன்பதே கால், டாக்டரம்மா கிளம்பிவிட்டார். நர்ஸ் பிரஷர் பார்த்துவிட்டு, கூடுதலாக இருக்கிறது, அடுத்த செவ்வாய் எட்டு மணிக்கு முதல் ஆளாக வந்து நிற்க வேண்டும், தவறவே கூடாது என்று கண்டித்து அனுப்பினாள். சாயங்காலத்துக்குள் அந்தப் போட்டோ 'பஸ்ஸைத் தவறவிட்ட பயணிகள்' என்ற தலைப்போடு உங்கள் போனுக்கு வந்துவிட்டது. நீங்களும் மாஜிதாவைக் கூப்பிட்டு, "பத்து நிமிஷம் முன்னாடி கிளம்பக் கூடாதா? பஸ் கரெக்டாதான் போகுது, எங்கிட்ட ரெக்கார்டு இருக்கு" என்றீர்கள். அவள் சொன்ன பதில் பக்கத்து அறையில் இருந்த எனக்கே கேட்டது. "நின்னேன்னு நான் சொல்லுதேன், நீங்க நோட்டைக் காட்டுதீங்க. அந்த நோட்டையே நிக்காஹ் பண்ணியிருக்கலாமே" என்று சொல்லிப் போனை அணைத்தவள்தான். மூன்று நாளாக உங்களோடும் பேசவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. பிரஷர் உள்ள பிள்ளை இப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருக்கிறாள்.

ஆகவே தங்கள் சமூகத்துக்கு இந்த ஏழையின் விண்ணப்பம்: அந்த ஒழுகுகிற, முனகுகிற, தள்ளவைக்கிற ஏழு பத்தையே திருப்பிக் கொடுங்கள். நல்லகண்ணு இப்போது குற்றாலம் சீசன் வண்டியில் இருக்கிறார். "கேட்டா நாளைக்கே வாரேன் அண்ணாச்சி" என்கிறார். யோசனைகளை நீங்கள் எல்லாரும் பகிர்ந்துகொள்ளுங்கள், நாங்கள் பஸ்ஸைப் பகிர்ந்துகொள்கிறோம், படியில் தொங்கிக்கொண்டாவது. அல்லாஹ் தங்களுக்கு நீண்ட ஆயுளும், அடுத்த பதவி உயர்வும், என்றைக்காவது ஒரு நாள் காலையில் ஓர் ஊர் ஸ்டாப்பில் நிற்கிற பாக்கியமும் தருவானாக. மாமியின் சலாமும் மாஜிதாவின் கோபமும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்,
மு. முகம்மது ரபீக்,
டைம் கீப்பர் (ஓய்வு)

பி.கு.: மாடனைப் பற்றி மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். பாவம், வராத பஸ்ஸை வரவில்லை என்று எழுதி, அதற்காகவே மெமோ வாங்கின மனுஷர் அவர். அந்தப் பதிவேட்டில் இருப்பது என் கையெழுத்து. முதலில் ஒரு நாள் வண்டி ரிப்பேர். சர்வீஸ் இல்லை என்று எழுதினால் மேலே கேள்வி வரும், "இன்னைக்கு ஒரு நாள் போட்டிருங்க அண்ணாச்சி" என்று டிப்போவிலிருந்து கேட்டார்கள். போட்டேன். மறுநாளும் வண்டி வரவில்லை, பேனா வந்தது. அப்புறம் யாரும் கேட்கவேகூட இல்லை, ஒன்றாம் தேதியே முப்பது நாளுக்கும் சேர்த்து எழுதிவைத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவேன். உங்கள் படத்தில் இரண்டாவது பக்கத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், பிப்ரவரி முப்பதாம் தேதியும் ஏழு இருபத்தைந்து சரியாக வந்திருக்கிறது. ஐந்து வருஷம் நான் எழுதினேன், நான் ரிட்டையரான பிறகு வந்தவர்கள் என் பக்கத்தைப் பார்த்தே எழுதினார்கள். ஆகவே மேலே யார் யாரையெல்லாம் நக்கலடித்தேனோ, அங்கெல்லாம் என் பேரைப் போட்டுப் படித்துக்கொள்ளுங்கள். கேடயத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவந்தால் நானே வந்து எழுதித் தருகிறேன். செவ்வாய்க்கிழமை என் மகள் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள், நான் வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கடிதத்தின் தலையில் 7.25 என்று போட்டிருப்பதும் பழக்கதோஷம்தான், இப்போது மணி பதினொன்றே கால். முதலில் மாஜிதாவுக்குப் போன் போட்டு, அவள் சொன்னதுதான் நிஜம் என்று சொல்லுங்கள். பஸ் அப்புறம் வரட்டும்.