கடைவாயில் ஏழாவது நெல்

பயம் வந்தால் சிலருக்குப் பேச்சு வராது. எனக்குப் பொய் வரும். அதுவும் யோசிக்காமல், சரளமாக. இந்தக் குணத்தால் ஒரே காலைப்பொழுதில் என் வேலையும் கல்யாணமும் சேர்ந்து போகப் பார்த்தன.

உத்தமபாளையம் பக்கம் ஒரு நெல் ஆராய்ச்சி வயலில் தற்காலிக உதவியாளராக இருந்தேன். (வீட்டில் 'சைன்டிஸ்ட்'. என்னைப் பெற்ற அத்தா ஊர் முழுக்க அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார்.) கோதுமையைத் துரு நோய் தின்றபோது, அதன் சொந்தக்காரப் புல்லான காட்டுப்புல்லோடு கலந்துதான் அதற்குத் தெம்பு ஏற்றினார்களாம். அதே வழியில், குளத்தோரம் தானாக முளைக்கும் காட்டு நெல்லை நம் நெல்லோடு கலந்து, புகையான் பூச்சியைத் தாங்கும் ரகம் கொண்டுவரப் பார்த்தார் எங்கள் மேடம். இப்படிப் பிறக்கும் பயிர் பெரும்பாலும் பதராகத்தான் காய்க்கும். இரண்டு வருடம் மல்லுக்கட்டியதில் ஒரே ஒரு கதிரில் ஏழு நெல்மணி பிடித்திருந்தது. காகித உறை மாட்டி, காவல் காத்துக் கிடந்தேன்.

"இந்த ஏழும் போச்சுன்னா நீயும் அப்படியே போயிரு" என்று மேடம் சொல்லியிருந்தார். சிரிக்காமல் சொன்னதால் எனக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

அன்று பதினொரு மணிக்கு மேடம் வந்து அறுவடை செய்வதாக ஏற்பாடு. பத்து மணிக்கே பெண் வீட்டார் வந்து நின்றார்கள். பெண்ணின் அத்தா கம்பத்தில் நெல் வியாபாரி. கூடவே அவர் தம்பி. மாப்பிள்ளை வேலை பார்க்கும் இடத்தை நேரில் பார்த்த பிறகுதான் முடிவு சொல்வார்களாம். நானும் பந்தாவாக உறையைக் கழற்றி, "இதான் மாமா நம்ம ஆராய்ச்சி" என்றேன்.

நெல் வியாபாரியிடம் கதிரைக் காட்டினால் என்ன செய்வார்? வாழ்நாள் முழுக்கச் செய்ததைத்தான் செய்தார். உருவினார், உள்ளங்கையில் தேய்த்தார், ஊதினார், பதர் பறந்ததும் மிச்சத்தை வாயில் போட்டார். (கடித்தால் 'டக்' என்று உடைய வேண்டும், அப்போதுதான் நெல் காய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.)

"மாமா, துப்புங்க! விஷம்! மருந்தடிச்சது!"

துப்பினார். முகம் வெளுத்து வரப்பில் உட்கார்ந்துவிட்டார். தம்பி ஆட்டோ பிடிக்க ரோட்டுக்கு ஓடினார். மாமா, சாகும் நேரத்தில் சொல்ல வேண்டிய கலிமாவைச் சொல்லத் தொடங்கினார். நான் மண்டியிட்டு, அவர் காலடிச் சேற்றில் எச்சிலைத் துழாவினேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஒன்று, இரண்டு, மூன்று...

மாமா என் தலையைத் தடவினார். "அழுவாதீக மாப்ளே. நீங்க என்ன செய்வீக? எனக்கு எழுதுனது அம்புட்டுத்தான். எம்மகள நல்லாப் பாத்துக்கங்க."

ஆறு கிடைத்தது. ஏழாவதைக் காணோம்.

"மாமா, கொஞ்சம் வாயத் திறங்க."

"விஷம் ஏறிருச்சான்னு பாக்குறீகளா?"

கடைவாயில் இரண்டாக உடைந்து கிடந்தது. விரலை விட்டு அதை எடுக்கும்போதுதான் மேடம் வந்து சேர்ந்தார்.

"ஐயாவுக்கு என்ன ஆச்சு?"

"மருந்தடிச்ச நெல்லத் தின்னுட்டேம்மா" என்றார் மாமா, ஈனக்குரலில்.

"மருந்தா? பயிர் பூச்சியத் தாங்குதான்னு பாக்குற வயல் இது. இங்க மருந்தே அடிக்கிறதில்லையே!"

மாமா கலிமாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, பயந்தும் எனக்குப் பொய் வரவில்லை.

"அப்ப என் உசுர விட இந்த நெல்லுதான் பெருசா?"

"அந்த நேரத்துல... ஆமா மாமா."

எழுந்து, தம்பி பிடித்து வந்த ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார். டீ கூடக் குடிக்கவில்லை. மேடம் ஆறு நெல்லையும் கவரில் போட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமலே நடந்தார். வேலையும் போச்சு, பெண்ணும் போச்சு என்றே பத்து நாளைக் கழித்தேன். பிறகு ஆறில் நான்கு முளைத்தன, வேலை தப்பியது. அதே வாரம் கம்பத்திலிருந்து சம்மதமும் வந்தது. மாமா என் அத்தாவிடம் சொன்ன காரணம் இதுதான்:

"பொய் சொன்னா அஞ்சு நிமிசத்துல மாட்டிக்கிற மாப்ள இந்தக் காலத்துல எங்கன கெடைப்பாக? எம்மகளுக்குக் கவலையே இல்ல."

இன்றும் பெருநாளுக்கு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தால், மாமா முதல் கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத்தான் பார்ப்பார். "மாப்ளே, முழுங்கலாமா, துப்பணுமா?" நான் "முழுங்குங்க மாமா" என்று சொல்லும்வரை பந்தியில் ஒருவர் கையும் சோற்றுக்குப் போகாது. சொன்ன பிறகும், முதலில் நான் தின்று காட்ட வேண்டும். அது என் மனைவி போட்ட சட்டம்.