பின்னாடி லைட்டு எரியுதா?

மெக்கானிக் வாசலை இனி இந்த ஜென்மத்தில் மிதிப்பதில்லை என்று சிலுவைராஜ் சபதம் எடுத்தார். கையில் ஸ்க்ரூடிரைவர். காலடியில் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்து சேர்ந்த அட்டைப்பெட்டி. பெட்டிக்குள் பின்விளக்குக் கூடு இரண்டு, எல்இடி பல்பு ஆறு. எதிரே, இருபது வயது தாண்டிய மாருதி.

எல்லாம் கிறிஸ்துமஸுக்கு வந்த வினை. சாத்தம் ஜெட்டியிலிருந்து எதிர்க்கரை பாம்பூஃப்ளாட்டுக்கு வண்டிகளை ஏற்றிப் போகிற போட்டில் கார்கள் பின்பக்கமாகத்தான் ஏற வேண்டும். முன்னால் ஓட்டுவது யாருக்கும் வரும். போட்டில் ரிவர்ஸில் ஏற்றுகிறவன்தான் தீவில் டிரைவர். அந்த டிரைவர் பட்டத்தை இருபது வருஷம் கட்டிக் காத்த சிலுவைராஜ், கோயில் பங்குச் சனம் அத்தனையும் பார்த்துக்கொண்டிருக்க, போட்டின் இரும்புத் தடுப்பில் இடித்துப் பின்விளக்கைத் தூளாக்கினார்.

"அஞ்சு மணிக்கே இருட்டிருது. ரிவர்ஸ் லைட்டு மங்கல். நான் என்ன செய்ய?" என்றார் வீட்டில்.

"அப்ப அடுத்த தடவ நான் ஏத்துதேன். எனக்கும் ஓட்டப் பழக்கி விடுங்களேன்" என்றாள் மனைவி ஆக்சிலியா.

"என் உசுரு இருக்க மட்டும் இந்த ஸ்டியரிங்க வேற கை தொடாது!"

ஆக்சிலியா பதில் பேசவில்லை. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில், அவள் பதில் பேசாத இடங்களில்தான் சிலுவைராஜ் தோற்றிருக்கிறார். அது அவருக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

வரும் ஞாயிறு பாம்பூஃப்ளாட்டில் ஆக்சிலியாவின் அக்கா லூசி வீட்டில் பேரனுக்கு ஞானஸ்நானம். அதே போட். அதே சனம். அன்றைக்குள் விளக்குகள் எரிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் மானம் கடலோடு போகும்.

உப்புக்காற்றில் துருப்பிடித்த திருகுகளோடு திங்கட்கிழமை பகல் முழுக்க மல்லுக்கட்டி, கூட்டை மாட்டி, பல்பைப் போட்டு முடித்தார். பிறகுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. பிரேக்கை மிதிக்கிறவன் பின்னால் நின்று பார்க்க முடியாது. பின்னால் நிற்கிறவன் பிரேக்கை மிதிக்க முடியாது.

"ஆக்சிலியா! சும்மா இங்கன வந்து உக்காரு. எதையும் தொடாத. பிரேக்க மட்டும் அமுக்கு."

"எதுங்க பிரேக்கு?"

"நடுவுல உள்ளது. எரியுது! இண்டிகேட்டரப் போடு. அச்சா! இப்ப கிளச்ச அமுக்கி ரிவர்ஸப் போடு."

ரிவர்ஸ் லைட் மட்டும் எரியவில்லை.

"கியர் சரியா விழலபோல. எஞ்சின ஸ்டார்ட் பண்ணி லேசா பின்னால நகத்து, பாப்போம்."

"எனக்கு பயமா இருக்குங்க."

"நான் இருக்கம்லா! ஆனே தோ... ஆனே தோ..." போட் ஆட்களைப் போலவே, 'வரட்டும், வரட்டும்' என்று இந்தியில் கையை ஆட்டிக் கூப்பிட்டார். கார் சந்தில் பத்தடி பின்னால் வந்தது. லைட் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை பல்பை மாற்றினார். கார் இருபதடி வந்தது. லைட் வரவில்லை. புதன்கிழமை ஒயரைச் சுரண்டினார். கார் சந்து முனை வரை வந்தது. லைட் வரவில்லை. வியாழக்கிழமை பக்கத்து வீட்டு முத்துகிருஷ்ணன் மதில்மேல் எட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, ஃபியூஸப் பாத்தியளா?"

"ஃபியூஸ் போனா வண்டியே ஸ்டார்ட் ஆவாதுவே! அது உமக்குத் தெரியாது" என்றார் சிலுவைராஜ், தெரிந்தவர்போல. "ஆக்சிலியா, நீ வா. சீதா! சீதா! நேரா வா. ஸ்டியரிங்க ரைட்டுல ஒடி. பஸ், போதும்!"

சனிக்கிழமை மாலை அவர் நம்பிக்கை இழந்து சட்டையை உதறிக்கொண்டிருந்தபோது, ரிவர்ஸ் லைட் பளிச்சென்று எரிந்தது. சந்தில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. சிலுவைராஜ் மனைவியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உன் கை ராசிடி" என்றார். மனசாரத்தான் சொன்னார்.

ஞாயிறு மாலை சாத்தத்தில் வண்டிகள் வரிசையில் நின்றன. இருட்டத் தொடங்கியிருந்தது. சிலுவைராஜுக்கு ஒரு வாரத்துச் சந்தேகம் நெஞ்சை அரித்தது.

"நீ இங்கன வந்து உக்காந்து ரிவர்ஸப் போடு. கடைசியா ஒரு தடவ பின்னால நின்னு பாத்துக்கிடுதேன்."

அவர் இறங்கிப் பின்னால் போனார். லைட் எரிந்தது. எரிந்த அழகில் சொக்கி நின்றார். அந்த நேரம் பார்த்துப் போட்டில் விசில் ஊதினார்கள். பின்னாலிருந்த ஜீப் ஹாரன் அடித்தது. கார் அவரை நோக்கி வந்தது.

"ஏய்! ஏய்!" என்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டே பின்வாங்கினார். கார் விடாமல், நிதானமாக, கோடு போட்டதுபோல் வந்தது. அவர் பின்வாங்கிப் பின்வாங்கிப் போட்டிலேயே ஏறிவிட்டார். தடுப்புக் கம்பிக்கு ஒரு சாண் முன்னால் கார் நின்றது.

"படியா, மேடம்!" என்று மெச்சினான் போட்காரன். பிறகு சிலுவைராஜைப் பார்த்து, "ஏ ஹெல்பர், உதர் ஜாவ்" என்று ஓரத்தைக் காட்டினான்.

சிலுவைராஜ் ஜன்னலருகே போனார். "லைசன்ஸ் இல்லாம..."

ஆக்சிலியா கைப்பையைத் திறந்து அட்டையை எடுத்து நீட்டினாள். "போன மாசமே வந்துட்டு. டிரைவிங் ஸ்கூல் வண்டியில ஓட்டிப் பழகுனேன். ரிவர்ஸுதான் சரியா வராம இருந்துச்சு. நீங்க ஒரு வாரமா எவ்வளவு பொறுமையா சொல்லிக் குடுத்திய!"

அட்டையோடு ஒட்டிக்கொண்டு நீலமாய் ஏதோ ஒன்று அவள் மடியில் விழுந்தது.

"அது என்னது?"

"பழைய ஃபியூஸுங்க. நீங்க வேலய ஆரம்பிக்கதுக்கு முன்னயே ரிவர்ஸ் லைட்டோட நல்ல ஃபியூஸ எடுத்துட்டு இந்தச் செத்தத மாட்டி வச்சிட்டேன், நேத்துதான் நல்லதத் திரும்பப் போட்டேன். வண்டி என்னவோ ஸ்டார்ட் ஆவத்தான் செஞ்சிச்சு."

சிலுவைராஜ் கடலைப் பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. தடுப்புக்கும் காருக்கும் நடுவே இருந்த அந்த ஒரு சாணைத்தான் மறுபடி மறுபடி பார்த்தார். தம்மால் இருபது வருஷத்தில் ஒருநாளும் இவ்வளவு நேராக நிறுத்த முடிந்ததில்லை. பெருமையாகக்கூட இருந்தது.

பாம்பூஃப்ளாட் வந்ததும் இடதுபக்கக் கதவைத் திறந்து, வாழ்க்கையில் முதல்முறையாக அந்தச் சீட்டில் உட்கார்ந்தார். அந்தப் பக்கத்து சீட் பெல்ட்டை எப்படி மாட்டுவது என்று தெரியாமல் தடவிக்கொண்டிருக்க, ஆக்சிலியாதான் எட்டி மாட்டிவிட்டாள்.

"எதையும் தொடாம சும்மா உக்காருங்க" என்றாள்.