இரண்டாயிரம் வருடத்துச் சட்டி

நான் செய்தது முட்டாள்தனம்தான். அதற்காக வெட்கப்பட மாட்டேன். படிக்கிறவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம்.

எழுபதுகளின் நடுவில் கும்மிடிப்பூண்டியிலிருந்து தினமும் ரயிலேறி மதராஸில் ஒரு பெண்கள் கல்லூரிக்குப் போய்ப் பண்டைய வரலாறு படித்தேன். முதல் வருடம். தொல்லியல், பழைய சமயங்கள் எல்லாம் பாடத்தில் உண்டு. இரும்புக் கம்பித் தொழிற்சாலையில் ஷிப்டு பார்த்த அப்பாவுக்கு அது துளியும் பிடிக்கவில்லை. "செத்தவன் கதைய படிச்சிக்கினு இன்னா பண்ணப் போற? டைப்ரைட்டிங் கத்துக்கோ. எங்க ஆபீஸ்ல சொல்லி வெச்சிக்கீறேன்" என்பார். படிப்பை நிறுத்த ஒரு காரணம் கிடைக்காதா என்று காத்திருந்தார். (அந்தக் காரணத்தை நானே தோண்டிக் கொடுத்தேன்.)

எங்கள் தொல்லியல் மேடம் முதுமக்கள் தாழி பற்றிப் பாடம் நடத்திய வாரம் அது. அம்மா நடவு வேலைக்காகப் பொன்னேரியில் சித்தி வீட்டில் இருந்தாள். தென்னங்கன்று வைக்கலாம் என்று கொல்லையில் குழி வெட்டினேன். முழங்கை ஆழத்தில் ஒரு கல் தட்டியது. அதற்குக் கீழே ஒரு சிறு சட்டி, உள்ளே கறுத்த மண். நான்கு மூலையிலும் குச்சி நட்டு, கயிறு கட்டி, சதுரமாகத் தோண்டி, அளந்து, படம் வரைந்தேன். பழைய மண்பாண்டம் நாக்கில் ஒட்டும் என்று மேடம் சொல்லியிருந்தார். நக்கிப் பார்த்தேன். ஒட்டியது! குழந்தையைப் புதைத்த தாழி, மேலே மூடுகல், மறுபிறவி நம்பிக்கைக்குச் சான்று, வயது இரண்டாயிரம் ஆண்டு என்று எட்டுப் பக்கம் எழுதி மேடத்திடம் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மேடம் நேரிலேயே வந்துவிட்டார். அப்பா அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். மேடம் சட்டியைத் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தார், கடைசியில் நாக்கிலும் வைத்தார். அந்த நேரம் பார்த்து அம்மா ஊரிலிருந்து திரும்பிக் கொல்லைக்குள் நுழைந்தாள்.

"அய்யய்யோ, அத்த கீழ வைங்கம்மா! இவ பொறந்தப்ப நஞ்சுக்கொடி பொதச்ச சட்டி அது! நாய் நோண்டக் கூடாதுன்னுதான் ஒடஞ்ச அம்மிய மேல வெச்சோம்!"

மேடம் தண்ணீர்த் தொட்டிக்கு ஓடி ஏழு முறை வாய் கொப்பளித்தார். (எண்ணினேன். வேறெங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.) என்னுடைய பிறப்பைத்தான் யாரோ ஒருவரின் சாவு என்று எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறேன்.

அப்பா குரலை உயர்த்தவே இல்லை. "நாளைக்கே டைப்ரைட்டிங்ல சேர்ந்துடு."

அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. "முடியாதுப்பா. குழி நேரா கீது, அளவு சரி, படம் சரி. வருசம் மட்டுந்தான் தப்பு."

"எத்தினி வருசம் தப்பு?"

"ரெண்டாயிரத்துக்குக் கொஞ்சம் கம்மி."

மேடம் வாயைத் துடைத்துக்கொண்டே, "படம் நல்லாத்தான் இருக்கு" என்றார். எனக்கு அது போதும். சட்டியை அதே ஆழத்தில் வைத்து மூடிவிட்டு, மறுநாள் காலை யாரையும் கேட்காமல் ரயிலேறினேன். பிறகு அதே பாடத்தை முப்பது வருடம் நடத்தி ஓய்வு பெற்றேன்.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்பா சொன்னது எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைக் கேட்ட பிறகும் என்னைக் கட்டிக்கொண்டவர்தான் அதை அடிக்கடி சொல்கிறவர்:

"இவளாண்ட மல்லுக்கு நிக்காதீங்க. பொதச்சி வெச்சாலும் தன்ன தானே தோண்டி எடுத்துக்கினு வந்துடுவா."